எமன் கொடுத்த தவணை

பதினோரு வயதில், ஏறக்குறைய மூன்று மாத காலம், எங்கள் தெருவில் ஒரு மனிதரின் சாவுத் தேதியை நான்தான் குறித்துக் கொடுத்துவிட்டேன் என்று மனதார நம்பிக்கொண்டிருந்தேன். இப்போது சொன்னால் எனக்கே சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை. அப்போது வந்ததெல்லாம் வயிற்றுக் கலக்கல் ஒன்றுதான். எமதர்மராஜா ஒரு நாளைக்கு நாலு தடவை கொல்லைப்பக்கம் ஓடிய கதை எந்தப் புராணத்திலும் கிடையாது என்பதால் நானே எழுத வேண்டியிருக்கிறது.

அந்த வருடம் ஆடியில் எனக்கு டைபாய்டு. இருபது நாள் படுக்கையில் கிடந்ததில் எனக்கு நினைவிருப்பது, வீட்டுக்கூரை மெல்ல அலையடித்ததும் துறைமுகத்துக் கப்பல்கள் ஊதும்போதெல்லாம் என் கட்டில் நங்கூரம் தூக்கிக் கிளம்பியதும்தான். அம்மா குலசை அம்மனுக்கு நேர்ந்துகொண்டாள்: பிள்ளை பிழைத்தால் தசராவுக்கு வேஷம் கட்டி வீடு வீடாகக் காணிக்கை எடுத்து வந்து செலுத்துவான். பிழைத்துவிட்டேன். என்ன வேஷம் என்று பேச்சு வந்தபோது மாமா சொன்ன யோசனைதான் எமன். “எவன் கையில இருந்து தப்பிச்சானோ அவன் வேஷத்தையே கட்டட்டும். அவனுக்கும் ஒரு மரியாதையா இருக்கும்லா?”

மாமா அம்மாவின் தம்பி. துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்சி ஆபீஸில் கிளார்க். அட்டையில் கொம்பு செய்ததும், துறைமுகத்து நைலான் கயிற்றுக்கு மஞ்சள் பெயின்ட் அடித்துப் பாசக்கயிறு ஆக்கியதும் அவர்தான். எருமைக்கு ஆள் கிடைக்காததால் ஒரு கறுப்புத் துண்டைப் போர்த்திக்கொண்டு தானே முன்னால் நடந்ததும் அவர்தான். காப்புக் கட்டிய அன்று என் முகத்தில் மையை அப்பிக்கொண்டே அவர் ஓதிய உபதேசம்தான் அத்தனைக்கும் மூலம்.

“ஏலே, வேஷம் கட்டினவன் வாயில வாரது அம்மன் வாக்கு. சொன்னா சொன்னதுதான், மாத்த முடியாது. பொய் சொன்னேன்னு வையி, நாக்கு புழுத்துரும்.”

ஒருவேளைச் சோறு, கொதிக்கும் வெயில், காய்ச்சல் போய் இன்னும் முழுசாகத் திரும்பி வராத உடம்பு. உப்பு லாரிகள் சிந்திவிட்டுப் போன வெள்ளைத் தூள் ரோட்டோரமெல்லாம் மினுங்க, அதன்மேல் என் கொம்பு நிழல் எனக்கு முன்னால் மிதந்து போகும். அது என் நிழல் என்று ஒரு கணம் தோன்றும், மறுகணம் தோன்றாது. வயதான பெண்கள் என் காலில் விழுந்து திருநீறு கேட்டார்கள். மூன்றாம் நாள் எனக்கே என்மேல் லேசாகப் பயம் வந்துவிட்டது.

நான்காம் நாள் மத்தியானம் தண்டல் பெரியவர் வீட்டுக்குப் போனோம். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் தோணி ஓட்டிய தண்டல் அவர். பாய்மரத்திலிருந்து விழுந்ததில் இடுப்புக்குக் கீழே ஓய்ந்துபோய், முன்னறை ஜன்னலோரம் நார்க்கட்டிலிலேயே வருஷக்கணக்காக இருந்தார். ஒரே மகன். கப்பலில் வேலை. வீட்டில் மருமகள் மட்டும். அவளை நான் மதினி என்று கூப்பிடுவேன்.

வாசலுக்கு வந்ததும் எருமை என்னைத் தனியே விட்டுவிட்டு எதிர்க் கடையில் நன்னாரி சர்பத் குடிக்கப் போய்விட்டது. நான் மட்டும் படியேறி உள்ளே நின்றேன். பெரியவர் தூங்கிக்கொண்டிருந்தார். கடற்காற்றில் ஜன்னல் திரை மூச்சுவிடுவதுபோல் உப்பி உப்பித் தணிந்தது. அவர் கண்ணைத் திறந்தார். வெளிச்சத்துக்கு எதிரே கொம்பும் கயிறுமாக நான்.

“வந்துட்டியாய்யா?” என்றார்.

அவர் கைகூப்பினார்.

“எம்மவன் வாரது வரைக்கும் பொறுத்துக்கிடும்யா. அது வரைக்கும் என்னைத் தொடாதீரும்.”

படி நிறைய அளந்த அரிசியோடு மதினி உள்வாசலில் வந்து நின்றாள். நான் அவளைப் பார்த்தேன். ‘தாத்தா, நான் கடைக்காரர் மகன்’ என்று சொல்வதற்கு வாய் தயாராகத்தான் இருந்தது. ஆனால் அவள் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள், சரி என்று சொல், சொல், என்பதுபோல. மாமா பழக்கிக் கொடுத்த கட்டைக் குரலில் நான் முழங்கினேன்: “அப்படியே ஆகட்டும்! உன் மகன் வரும் வரை உன்னைத் தொட மாட்டேன்!”

மதினி அரிசி முழுவதையும் என் பையில் கொட்டிவிட்டு, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போனாள். என்ன பக்தி என்று நினைத்துக்கொண்டேன்.

சர்பத் கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் கணக்கு எனக்குப் பிடிபட்டுவிட்டது. மகன் வரும் வரை தொட மாட்டேன். அப்படியானால் மகன் வந்தால்? வந்த அன்றே தொட்டாக வேண்டும். அம்மன் வாக்கு, மாற்ற முடியாது. மகன் பெட்டியோடு வாசலில் கால் வைப்பார், பெரியவர் கண்ணை மூடுவார். கையிலிருந்த சர்பத் அப்படியே நின்றுபோனது. மிச்சத்தை எருமை குடித்தது.

குலசையில் காணிக்கையைச் செலுத்திவிட்டுக் காப்பை அவிழ்க்கும்போது அம்மனிடம் முறையிட்டேன். அந்தக் கப்பல் திரும்பி வரக்கூடாது, ஒரு பெரிய புயலை அனுப்பு என்றேன். உடனே உறைத்தது, கப்பலில் மற்ற ஆட்களும் இருப்பார்களே? ஒரு கிழவருக்காக இத்தனை பேரை முக்குவது என்ன நியாயம்? புயலை வாபஸ் வாங்கினேன். எஞ்சின் பழுதானால் போதும் என்று திருத்தி விண்ணப்பித்தேன். நல்ல கரையோரமாகப் பார்த்து, சாப்பாடு கிடைக்கிற இடமாக.

என் மகள் இப்போது கல்லூரியில் அறவியல் என்று ஒரு பாடம் படிக்கிறாள். பிரேக் பிடிக்காத ரயில் வருகிறது, ஒரு தண்டவாளத்தில் ஐந்து பேர், இன்னொன்றில் ஒருவர், தடம் மாற்றும் விசை உன் கையில், என்ன செய்வாய் என்று போன மாதம் சாப்பாட்டு நேரத்தில் கேட்டாள். நான் ரயிலுக்கெல்லாம் போகவில்லை, கப்பலிலேயே அந்தப் பரீட்சையை எழுதிவிட்டேன் என்றேன். இதில் மூன்று கட்சி உண்டு என்று அவள் விளக்கினாள். விதியைப் பார்ப்பவர்கள், விளைவைப் பார்ப்பவர்கள், ஆளின் குணத்தைப் பார்ப்பவர்கள். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அந்த மூன்று கட்சியும் எங்கள் வீட்டில் ஒரே குழம்பை ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தன.

ஏனென்றால் நான் அப்போது அப்பா, அம்மா, மாமா மூவரிடமும் கேட்டேன், சுற்றி வளைத்துத்தான். ஒருத்தர் நல்லதுக்குப் பொய் சொன்னால் அது தப்பா?

அப்பா பலசரக்குக் கடையில் தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். “பொய்யின்னா பொய்தாம்லே. நல்ல பொய்யின்னு ஒரு சரக்கு நம்ம கடையில கெடையாது.” சொல்லி முடித்தவர் என்ன நினைத்தாரோ, தண்டல் வீட்டுப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, துடைத்த தட்டையே மறுபடி துடைத்தார்.

அம்மா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். “சொன்னா யாருக்கு நோவும், சொல்லலேன்னா யாருக்கு நோவும், அதப் பாக்கணும். பொய்யாம் மெய்யாம். போயி மீன் ஆணத்துக்குப் புளி எடுத்துட்டு வா.”

மாமாவிடம் கேட்டபோது மீசையைத் தடவிக்கொண்டார். “நல்ல மனுசன் ஒருத்தன் அந்த எடத்துல இருந்தா என்ன செய்வானோ அதச் செய்யணும்.”

“நல்ல மனுசன்னா யாரு மாமா?”

“கண்ணு முன்னால நிக்கேன், கேக்கான் பாரு, சவத்து மூதி.”

மூன்று பதிலையும் கையில் வைத்துக்கொண்டு முன்னைவிட அதிகமாகக் கொல்லைப்பக்கம் ஓடினேன்.

அதற்குப் பிறகு தண்டல் வீட்டுக்கு நான் போகாத நாளில்லை. தவணை கொடுத்தவன் பார்த்துக்கொள்ள வேண்டாமா? ஞாயிறுதோறும் சாயங்காலம் மாமா அங்கே போய் மகன் எழுதிய கடிதத்தை வாசிப்பார். கம்பெனி மூலமாக ஆபீஸுக்கு வரும் கடிதங்கள். வெளிச்சம் மங்கிக்கொண்டிருக்கும். மாமாவின் குரலில் கடல்கள் ஒவ்வொன்றாக அந்த அறைக்குள் வந்து போகும். மீன்கள் பறக்கும் கடல், இரவில் தண்ணீர் தானே பச்சையாக எரியும் கடல். மாமா ஓர் எழுத்தில்கூடத் தடுமாறியதில்லை. இவர் ஏன் ரேடியோவில் செய்தி வாசிக்கப் போகவில்லை என்று வியந்திருக்கிறேன். கடைசியில் தெருவில் எல்லாரையும் மகன் நலம் விசாரிப்பார். ஒரு கடிதத்தில் ‘கடைக்கார அண்ணாச்சி மகனுக்கு டைபாய்டு தேவலையா’ என்றுகூட இருந்தது. நடுக்கடலில் இருப்பவருக்கு அது எப்படித் தெரியும் என்று எனக்குத் தோன்றவில்லை. என் டைபாய்டு அவ்வளவு பிரசித்தம் என்று பூரித்துப்போனேன்.

மதினியிடம் ஒரு பழக்கம் இருந்தது. உள்ளே இருக்கும்போது நெற்றியில் ஒன்றும் இருக்காது. மாமனார் கூப்பிட்டால், கதவு நிலையில் ஒட்டிவைத்திருக்கும் ஸ்டிக்கர் பொட்டை எடுத்து நெற்றியில் ஒட்டிக்கொண்டு முன்னறைக்கு வருவாள். திரும்பிப் போகும்போது மறுபடி நிலையில் ஒட்டிவிடுவாள். என்ன சிக்கனம் என்று நினைத்தேன். பெரியவரோ பூ விஷயத்தில் சிக்கனமே பார்க்க மாட்டார். ஜன்னல் வழியாகத் தினமும் அவரே பூக்காரியைக் கூப்பிட்டு மருமகளுக்கு ஒரு முழம் வாங்கி வைப்பார்.

மார்கழியில் பெரியவர் கஞ்சியை ஒதுக்க ஆரம்பித்தார். அந்த ஞாயிறு மாமா வாசித்த கடிதத்தில் இருந்தது: ‘தைப் பொங்கலுக்கு வந்துவிடுவேன்.’

பெரியவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மதினி ஆறிப்போன கஞ்சியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது. அம்மன் என் மனுவைப் படிக்கவேயில்லை. கடையில் பொங்கலுக்கு மஞ்சள் குலை வந்து இறங்கியது. அதைப் பார்த்தாலே எனக்குப் பாசக்கயிற்றின் மஞ்சள்தான் தெரிந்தது. அப்பாவின் கட்சியில் சேர்ந்தேன். உண்மையைச் சொல்லிவிடுவது. வந்தது எமனே இல்லை என்றால் வாக்கும் இல்லை. நாக்கு புழுத்தால் புழுக்கட்டும்.

போகி அன்று காலை போனேன். மதினி உள்ளே ஆட்டுக்கல்லில் மாவாட்டும் சத்தம் கேட்டது. கட்டில் அருகே நின்று, மூச்சு வாங்கி, “தாத்தா, அன்னைக்கு வந்தது எமன் இல்ல. நான்தான்” என்றேன்.

“தெரியும்லே” என்றார்.

“தெரியுமா?”

“முதல்ல கொஞ்சம் அசந்துதான் போனேன். கண்ணைத் தொறந்தா கொம்பு தெரியுது. பொறவு பாத்தா முட்டுல பிளாஸ்திரி. எமன் எங்கலே பிளாஸ்திரி ஒட்டுவான்?” உடம்பு குலுங்கச் சிரித்தார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. “அப்போ நான் சொன்னது செல்லாதுல்லா? அண்ணன் நாளைக்கு வந்தாலும் உங்களுக்கு ஒண்ணும் ஆவாதுல்லா?”

அவர் சிரிப்பு நின்றது. ஆட்டுக்கல் சத்தம் வரும் பக்கம் பார்த்தார். விரலால் என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

“மெதுவாப் பேசு. உள்ள கேட்டுரும். செல்லும்லே. நீ குடுத்த வாக்கு செல்லும். அவன் வாரது வரைக்கும் எனக்குச் சாவு கெடையாது. நான் இருக்கணும்லா? யார்ட்டயும் போயி, அது நான்தான், எமன் இல்லன்னு சொல்லிட்டுத் திரியாத.”

“அது பொய்யில்லா தாத்தா?”

“ஆமா. பொய்தான்” என்றார், மணி என்ன என்று கேட்டவனுக்குச் சொல்வதுபோல. பிறகு குரலை உயர்த்தினார். “ஏளா! கடைக்கார அண்ணாச்சி மவன் வந்திருக்கான். முறுக்கு கிறுக்கு இருந்தா கொண்டா. எனக்கும் கஞ்சி கொண்டா. பசிக்கி.”

மதினி வந்தாள். கையில் மாவு, நெற்றியில் பொட்டு. பெரியவர் அவள் முகத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் முறுக்கைத் தின்றேன். நாக்கு நன்றாகத்தான் இருந்தது.

தை பிறந்தது. மகன் வரவில்லை. காண்ட்ராக்டை நீட்டிவிட்டார்கள் என்று அடுத்த கடிதம் சொன்னது. என் எஞ்சின் பழுது கடைசி நேரத்தில் வேலை செய்துவிட்டது என்று நான் ரகசியமாகக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். பெரியவர் அதற்குப் பிறகு நான்கு வருடம் கஞ்சி குடித்துக்கொண்டும், பூ வாங்கிக்கொண்டும், ஞாயிற்றுக்கிழமைக் கடிதங்களைக் கேட்டுக்கொண்டும் இருந்துவிட்டு, ஒரு பங்குனி மத்தியானம் தூக்கத்திலேயே போனார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகுதான் மாமா என்னிடம் சொன்னார். நான் வேஷம் கட்டிய வருடம், சித்திரை மாதமே, வெளிநாட்டுத் துறைமுகம் ஒன்றில் சரக்கு ஏற்றும்போது கப்பலின் அடித்தட்டில் விழுந்து மகன் இறந்துவிட்டார். அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். செய்தி மாமாவின் ஆபீஸுக்கு வந்தது. மாமா கொல்லை வழியாகப் போய் மதினியிடம் சொன்னார். மாமனாருக்குத் தெரிய வேண்டாம் என்று அவள் கேட்டுக்கொண்டாள். அப்பா, அம்மா, பூக்காரி, சர்பத் கடைக்காரர் உட்படத் தெருவே ஒப்புக்கொண்டது. கடிதங்களையெல்லாம் மாமாவே எழுதினார்.

காரியத்துக்கு வந்திருந்தவர்களில் அந்த நாட்களில் எங்கள் பகுதிக்குத் தந்தி கொண்டுவந்தவரும் ஒருவர். கம்பெனி வீட்டு முகவரிக்கும் ஒரு தந்தி அனுப்பியிருந்தது என்று அவர் சொன்னார். மாமாவுக்குச் செய்தி வருவதற்கு முந்தின நாள் காலை அதை அவர் ஜன்னலோரம் நின்று படித்துக் காட்டியிருக்கிறார். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு, உள்ளே மருமகளுக்குத் தெரிய வேண்டாம் என்று சொன்னவர் தண்டல் பெரியவர்.