கன்டன் கண்ணாடி

நான் கதை கட்டுகிற ஆள் இல்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நம்பாதவர்கள் இத்தோடு விட்டுவிடலாம்.

2014 தை மாதம். சுவிஸின் துன் நகரில் ஒரு பழம்பொருள் கிடங்கில் எனக்கு வேலை. மனைவி சஜீதாவின் முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்து அப்போதுதான் வேலைக்குத் திரும்பியிருந்தேன். நெடுஞ்சாலை விபத்து. சவப்பெட்டியை மூடித்தான் தந்தார்கள். கடைசியாக அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. ஒரு தடவை பார்த்தால் போதும் என்று இருந்தது. வேறு எதுவும் உறைக்கவில்லை.

அன்று துடைக்கக் கிடைத்தது ஒரு கன்டன் கண்ணாடி. அந்தக் காலத்தில் ஐரோப்பியர் முகம் பார்க்கும் கண்ணாடிகளைக் கப்பலேற்றிச் சீனாவுக்கு அனுப்புவார்கள். அங்கே கன்டன் துறைமுகத்து ஓவியர்கள் பின்பக்க ரசத்தைச் சுரண்டி, அந்த இடத்தில் மட்டும் படம் வரைந்து திருப்பி அனுப்புவார்கள். மிச்சம் கண்ணாடியாகவே இருக்கும். பார்ப்பவன் முகமும் படத்துக்குள் வரும்.

இதில் ஆற்றங்கரையில் ஒரு சீனப் பெண். வானம் முழுக்கக் கண்ணாடி.

பக்கத்து மேசையில் திரேசா. இங்கே பிறந்த தமிழ்ப் பிள்ளை. பழைய ஓவியங்களைச் செப்பனிடப் படிக்கிறாள்.

"ரவியண்ணை, சாப்பிட்டீங்களோ?"

"ஓம்."

"பொய். சாப்பாட்டுப் பெட்டி என்னைப் பாத்துச் சிரிக்குது. இருங்கோ, கோப்பி எடுத்து வாறன்."

போனாள்.

பட்டப்பகல். வெளியே பனி. கண்ணாடியில் வாயால் ஊதித் துடைத்தேன். வானத்தில் என் முகம். பின்னால் கிடங்கின் கதவு.

ஆவி மறையவில்லை.

மறுபடி துடைத்தேன்… போகவில்லை. அது கண்ணாடியின் உட்பக்கம்.

விட்டு விட்டுப் படர்ந்தது. யாரோ மூச்சு விடுவதுபோல…

ஹ்ஹா… ஹ்ஹா…

பிறகு தெளிந்தது.

என் தோளுக்குப் பின்னால் சஜீதா.

காயமே இல்லை.

திரும்பினேன். ஒருவரும் இல்லை.

கண்ணாடியில் இருந்தாள்…

"என்னண்ணை, பலகையை இப்பிடிப் பாக்கிறீங்கள்?" கோப்பியோடு திரேசா.

"கண்ணாடி."

"எங்க கண்ணாடி? ரசமெல்லாம் எப்பவோ உதிர்ந்திட்டுது. படம் மட்டும்தான் மிச்சம்."

பார்த்தேன். சீனப் பெண்ணின் தலைக்கு மேலே பின்பலகையின் பழுப்பு மரம். என் முகம்கூட இல்லை.

"திரும்ப ரசம் பூச ஏலாதோ?"

"ஏலாது. படம் அழிஞ்சிடும்."

மறுநாள் அவள் பின்பலகையைக் கழற்றினாள். ஆணிகள் துருவேறி இறுகியிருந்தன. பல காலமாக யாரும் தொடவில்லை என்றாள். கண்ணாடியின் உட்பக்கம் முழுக்கத் தடித்த தூசி.

ஓர் இடத்தைத் தவிர.

உள்ளங்கை அளவு. உள்ளேயிருந்து துடைக்கப்பட்டிருந்தது.