சத்தமில்லாத பிரேக்

என் அக்கா புருஷனுக்கு உராய்வு என்றாலே ஜென்மப் பகை. கதவு கிரீச்சிட்டால் எண்ணெய். நாற்காலி முனகினால் எண்ணெய். நூலகத்தில் வேலை, அங்கே யாராவது தும்மினால்கூட முறைப்பார். பையில் எப்போதும் ஓர் எண்ணெய்க் குப்பி இருக்கும். குடும்பத்தில் அவருக்குப் பெயரே 'குப்பி'தான்.

நான் கார் மெக்கானிக். "அத்தான், சக்கரம் ரோட்டைப் பிடிச்சுத் தள்ளினாத்தான் வண்டி நகரும். நிக்கணும்னா பிரேக் கட்டை தகட்டைப் பிடிச்சு உரசணும். உராய்வு இல்லேன்னா ரெண்டும் நடக்காது" என்று தொண்டை வறளச் சொல்லியிருக்கிறேன். பத்தாயிரம் புத்தகங்களுக்கு நடுவே உட்காருகிறவருக்கு நான் சொல்லியா ஏறப்போகிறது?

அன்று அவர் மகளுக்கு ஓட்டுநர் தேர்வு, மூன்றாவது தடவை. மருந்துக் கம்பெனியில் வேன் ஓட்டும் வேலை கைக்கு வந்துவிட்டது. மறுநாள் காலைக்குள் உரிமத்தைக் காட்டாவிட்டால் அது அடுத்த ஆளுக்கு. பாவம், இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

தேர்வு மைதானத்துக்கு வரும் வழியில் எங்கள் காரின் முன் பிரேக் லேசாகக் கீச்சிட்டது. நானும் அவளும் படிவம் கொடுக்கப் போன பத்து நிமிடம் போதாதா மகானுக்கு! குப்பியின் நீளமான மூக்கைச் சக்கர இடுக்கில் விட்டு, இரண்டு முன் தகடுகளையும் மினுமினுக்க வைத்துவிட்டார். எங்களிடம் மூச்சுவிடவில்லை.

தேர்வு அதிகாரி அவள் பக்கத்தில் ஏறினார். அவள் நேராக ஓட்டினாள், அழகாகத் திருப்பினாள். "நிறுத்தும்மா" என்றார். மிதித்தாள். வண்டி மைதானத்து மதிலை நோக்கி வழுக்கிக்கொண்டே போனது. நல்லவேளை, அவள் பதறவில்லை. கியரைக் குறைத்து, கை பிரேக்கை இழுத்தாள். அது எண்ணெய் படாத பின் சக்கரங்களைப் பிடித்தது. மதிலுக்கு ஒரு சாண் முன்னால் நின்றார்கள்.

அதிகாரி இறங்கிச் சக்கரத்தைத் தொட்டு விரலை முகர்ந்தார். "பொண்ணு நல்லாத்தான் ஓட்டுது. ஆனா இந்த வண்டியை வெச்சு நான் பாஸ் போட முடியாது. பத்து நாள் கழிச்சு வேற வண்டியில வாங்க."

அத்தானுக்கு இன்னும் விஷயம் பிடிபடவில்லை. "கீச்சுன்னு கேட்டா மார்க்கைக் குறைச்சிடுவாங்களேன்னுதாம்மா எண்ணெய் விட்டேன். பாரு, சத்தமே வரல" என்றார், பெருமையாக.

அவள் அவரைப் பார்த்தாள்.

"வண்டிக்குள்ள நான் இருந்தேன்ப்பா."