யானைக்கு எந்த நாமம்?

போன ஞாயிற்றுக்கிழமை, சின்னக் காஞ்சிபுரத்தில், சாப்பாட்டுக்கு நடுவில் ஒருவன் என்னை "எழுந்து வெளியே போடா!" என்றான். சம்பத். பள்ளிக்கூடத்துச் சிநேகிதன். எனக்கு ஒரே சந்தோஷம்!

பைத்தியமா என்கிறீர்களா? கேளுங்கள்.

ப்ளஸ் டூ படிக்கும் அவன் பெண் பத்மாவுக்குச் சாப்பாடென்றாலே பயம். பிடிவாதம் இல்லை — வியாதி. சென்னையில் ட்ரீட்மென்ட் நடக்கிறது. டாக்டர் பெற்றவர்களுக்கும் ஒரு மருந்து சொல்லியிருந்தார்: கூட உட்கார்ந்து சாப்பிடுங்கள், அவள் தட்டைப் பார்க்காதீர்கள், 'இன்னும் கொஞ்சம்' என்று சொல்லாதீர்கள், வேறு ஏதாவது பேசுங்கள்.

சொல்வது சுலபம். நம் ஊரில் பாசம் என்பதே அடுத்தவர் தட்டைப் பார்ப்பதுதானே? சம்பத் வாயே திறக்க மாட்டான். கண் மட்டும் அவள் தட்டை விட்டு நகராது. அவள் கை அப்படியே நின்றுவிடும். எடை இன்னும் இறங்கினால் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அவன் மனைவி வைதேகி போன் செய்தாள். "அண்ணா, ஆத்துக்குச் சாப்பிட வாங்கோ. இவர் கண்ணை எப்படியாவது வேற பக்கம் திருப்புங்கோ." குரல் உடைந்திருந்தது.

போனேன். கிரிக்கெட் பேசினேன்... "ம்" என்றான். பவர்கட், எலெக்‌ஷன்... ம்ஹூம், கண் தட்டில்தான்.

அப்புறம்தான் மூளை வேலை செய்தது. அவன் வடகலை, நான் தென்கலை — ஐயங்காரில் இரண்டு கட்சி, இரண்டு விதமான நாமம்! கோயில் யானை நெற்றியில் யார் நாமம் என்பது இந்த ஊரில் தாத்தா காலத்துச் சண்டையாயிற்றே? சாதத்தைப் பிசைந்துகொண்டே மெதுவாகச் சொன்னேன்: "என்ன இருந்தாலும் யானைக்கு எங்க நாமம் போட்டாத்தாண்டா களையா இருக்கும்."

அவ்வளவுதான். கோர்ட்டு, கேஸு, அவன் கொள்ளுத்தாத்தா — எல்லாம் கூடத்துக்கு வந்தாயிற்று. பெண்ணின் தட்டு என்ன, தன் தட்டே அவனுக்கு மறந்துபோனது. பத்மா தன் பாட்டுக்குச் சாப்பிட்டாள்.

அன்றிலிருந்து தினமும் கலகம்தான். உங்கள் தெருவிலும் இப்படி ஒரு வீடு இருந்தால், தயவுசெய்து அட்வைஸ் கொண்டுபோகாதீர்கள். அவர்களிடம் ஏற்கெனவே நிறைய இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை நான் கொஞ்சம் ஓவராகப் போய்விட்டேன். அவன் கத்தியதும் ரோஷத்தோடு எழுந்தேன்.

"மாமா, உட்காருங்கோ," என்றாள் பத்மா, தலை நிமிராமலே. "எனக்கு இன்னும் நாலு வாய் இருக்கு. அதுவரைக்கும் சண்டை போடுங்கோ."

வைதேகி வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் ஓடினாள். சம்பத் என்னையே பார்த்தான். "யானையைப் பத்தி என்னடா சொன்னே?" என்றான், அவள் தட்டுப் பக்கம் திரும்பாமலே.

உண்மையைச் சொன்னால், அன்றைக்கு அவன் பேச்சில் நியாயம் இருந்தது. ஒப்புக்கொள்வேனா? பத்மா இன்னும் கை அலம்பவில்லையே!