இரண்டு வரிப் பெட்டி

அந்தப் பக்கத்தைச் செய்தவன் நான். சிவகாசியில் ஒரு பட்டாசுக் கம்பெனிக்காக, விபத்து நடந்தால் தொழிலாளிகளே போனில் எழுதி அனுப்புகிற வலைப்பக்கம். எழுதும் பெட்டி இரண்டு வரி உயரம். மூலையைப் பிடித்து இழுத்தால் பெரிதாகும். ஆனால் அது மவுஸுக்குத்தான், போனில் விரலுக்கு அகப்படாது. எழுத எழுதத் தானே வளரும்படி செய்திருக்கலாம். அரை மணி நேர வேலை. செய்யவில்லை. சோம்பேறித்தனம், வேறென்ன.

பக்கத்து வீட்டு அக்காவுக்கு, அந்தக் கம்பெனியில் பட்டாசு மருந்து அடைக்கிற அறையில் வலது கை வெந்தது. அறை கொதிக்கிறது, வேலையை நிறுத்தலாம் என்று அவர் சொல்லியும் போர்மேன் கேட்கவில்லை. அதையெல்லாம் இடது கையால் எழுதியிருக்கிறார். மூன்றாவது வரி வந்ததும் முதல் வரி மேலே ஏறி மறைந்தது. அழிந்துவிட்டது என்று நினைத்து, இரண்டு வரிக்குள் அடங்குகிற மாதிரி மாற்றி எழுதி அனுப்பிவிட்டார்: "மருந்து செலுத்தும்போது கை வெந்துருச்சு. வீட்ல இருக்கேன்."

போர்மேனைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. அக்காவின் கவனக்குறைவு என்று கம்பெனி முடிவு கட்டியது. அதன் பிறகு அக்காவை வேலைக்கு ஏற்றிப்போகும் கம்பெனி வேன் எங்கள் தெருவில் நிற்கவில்லை.

"அம்புட்டையும் எழுதுனேன் தம்பி. பெட்டி முழுங்கிருச்சு" என்றார். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கம்பெனி ஆபீசில் போய்க் கத்தினேன். "அவுக எழுதுனதுதான இங்கன இருக்கு?" என்றார்கள்.

அந்த ஆத்திரத்தில்தான் இணையத் தரங்களை வகுக்கிற குழுவுக்கு எழுதினேன். யாரும் சொல்லாமலே பெட்டி எழுத்துக்கு ஏற்ப வளர வேண்டும். இழுக்கிற மூலையை விரலுக்குத் தக்கபடி பெரிதாக்கவும், கண்ணில் படும்படி நிறம் மாற்றவும் வழி வேண்டும். என்னைப் போன்ற சோம்பேறிகளை நம்பி விடாதீர்கள் என்றும் சேர்த்தேன். சிக்கல் என்ன என்று காட்டச் சொன்னார்கள். கட்டுப் பிரித்தும் மடங்காத விரலால் அக்கா அந்த மூலையைப் பிடிக்கப் பார்ப்பதை, அவர் சம்மதத்தோடு வீடியோ எடுத்து அனுப்பினேன்.

ஒருவர் பதில் எழுதினார்: இது காயம்பட்ட கை, பொதுவான பயனரின் தேவையாக எடுத்துக்கொள்ள முடியாது.

என்ன திமிர்! போனைச் சுவரில் அடிக்கலாம் போல வந்தது.

"என்ன சொல்லுதாக?" என்று அக்கா கேட்டார். மறைக்காமல் சொன்னேன். தன் வலது கையை என் முன்னால் நீட்டினார்.

"எங்க வேன்ல எல்லாரையும் கை நீட்டச் சொல்லு தம்பி. எத்தன கை நல்லாருக்குன்னு எண்ணிட்டு, பெறகு பேசச் சொல்லு."

அதை அப்படியே இங்கிலீஷில் போட்டேன். பதில் இல்லை. போங்கடா என்று என் பெட்டியை நானே வளரவைத்தேன். ஒருவர் ஒரு தடவைதான் அனுப்பலாம் என்று கம்பெனி போடச் சொல்லியிருந்த தடையையும் யாரையும் கேட்காமல் எடுத்தேன். அக்கா பதினோரு வரி எழுதினார். முதல் வரியில் போர்மேன் பெயர். அனுப்பும்வரை அது மறையவில்லை.

மறுநாள் காலை கம்பெனியிலிருந்து போன். "தடையை எடுக்க ஒனக்கு யாருலே அதிகாரம் குடுத்தது?" கத்துகிற கத்தலிலேயே தெரிந்தது, கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டார்கள்.