ஒன்பது உம்மாமார்

எழுபதுகளின் கடைசியில், கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் இடையில், கடலோரத்து முஸ்லிம் ஊரொன்றின் சிறிய ஆஸ்பத்திரியில் மூன்றரை வருடம் டொக்டராக இருந்தேன். வடக்கிலிருந்து வந்தவள், முப்பத்திரண்டு வயது, கலியாணம் ஆகவில்லை. ஊர்ச்சனம் என்னை மரியாதையாகத்தான் நடத்தியது. நோன்புக்குக் கஞ்சி வரும், பெருநாளைக்கு வட்டிலப்பம் வரும். வீட்டுக்கு வாருங்கள் என்று மட்டும் ஒருவரும் கூப்பிட்டதில்லை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம், வார்டில் எரிந்து விழுவேன். அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கும்.

பின்னேரங்களில் எனக்குத் துணை மருத்துவச் சஞ்சிகைகள்தான். என்னோடு படித்தவள் ஒருத்தி லண்டனில் இருந்தாள். தான் வாசித்து முடித்தவற்றைக் கட்டாகக் கட்டிக் கப்பலில் அனுப்புவாள். நாலைந்து மாதம் பிந்தி, மூலை மடங்கி வந்து சேரும். குவாட்டர்ஸில் தனியே இருந்து பென்சிலால் கோடு போட்டுப் போட்டு வாசிப்பேன். புதிதாக ஒன்றைக் கண்டால் யாருக்காவது சொல்லவேண்டும் போல நெஞ்சு துடிக்கும். சொல்ல ஆளில்லை. ஒருநாள் சுவரைப் பார்த்து, "இது தெரியுமோ உமக்கு?" என்று கேட்டேவிட்டேன். பிறகு, ஐயோ, எனக்கு மூளை தட்டிவிட்டதோ என்று பயந்துபோய் அறை விளக்கைப் போட்டேன்.

அப்படி வந்த கட்டொன்றில்தான் அந்தக் கட்டுரை இருந்தது. குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளுக்குப் பால்மா ஒத்துக்கொள்வதில்லை, குடல் அழுகிப் போகிறது, தாய்ப்பால் கொடுத்தால் தப்புகின்றன என்று எழுதியிருந்தார்கள். பெற்ற தாயிடம் பால் இல்லாவிட்டால் வேறு தாய்மாரின் பாலைச் சேர்த்து, மெல்லிய குழாயால் துளித்துளியாக விடலாமாம். எங்கள் வார்டில் குறைமாதப் பிள்ளைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். அதை மூன்று தரம் வாசித்தேன்.

ஒரு மாதம் கூடப் போகவில்லை. ஏழு மாதத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. நிறை மூன்று றாத்தலுக்கும் குறைவு. தாய்க்கு வலிப்பு, நினைவில்லை. அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். பிள்ளை அந்த றோட்டுப் பயணத்தைத் தாங்காது என்று வைத்துக்கொண்டோம். தகப்பன் வயல் செய்கிறவர். அதற்கு முன் மூன்று கரு கலைந்துபோயிருந்தது. வார்டு வாசலில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

வார்டில் வேலை செய்த ராத்தாவைக் கூப்பிட்டேன். என் வயதுதான் இருக்கும், புருசனை இழந்தவர். எல்லோரும் அக்கா முறையில் ராத்தா என்பதால் நானும் ராத்தா என்றேன். பிள்ளை பெற்றிருக்கும் தாய்மாரிடம் பால் எடுத்து ஒரே கோப்பையில் சேர்த்துக் கொண்டுவரச் சொன்னேன். அவர் நின்றார்.

"ஆர்ர ஆர்ர பாலெண்டு பேரை எழுதிவெப்பீங்கதானே டொக்டர்?"

"பாலுக்கென்ன பேர்? கெதியாக் கொண்டு வாங்கோ."

ராத்தாவுக்கு எழுத்து வாசிப்புத் தெரியாது. கோப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இருபத்துமூன்று நாள். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம் பால். எத்தனை மில்லி கொடுத்தோம், காய்ச்சல் உண்டா, வயிறு வீங்கியிருக்கிறதா, மலம் என்ன நிறம், எல்லாவற்றையும் என் கையால் எழுதினேன். சுடுதண்ணீர்ப் போத்தல்களும் பஞ்சும் வைத்த பெட்டிக்குள் அந்தப் பிள்ளை கிடந்தது, பிறகு அழுதது, பிறகு சதை வைத்தது. எனக்குத் தலைகால் புரியாத சந்தோசம். டொக்டர்மாரின் கூட்டமொன்றில் வாசிப்பதற்குக் கட்டுரைகூட எழுதத் தொடங்கினேன்.

தாயும் தப்பி வந்தாள். அவளுக்குப் பால் வற்றியிருந்தது, ஆனாலும் பிள்ளை இனிப் பிழைத்துக்கொள்ளும். வீட்டுக்குப் போகிற நாள் தகப்பன் வெள்ளைச் சேட்டுப் போட்டு வந்தார். நன்றி சொன்னார், கண் கலங்கினார். பிறகு, பால் கொடுத்த தாய்மாரின் பெயர்களைத் தரமுடியுமா என்று கேட்டார். எதற்கு என்றேன். அவர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். பால் கொடுத்தவள் அந்தப் பிள்ளைக்கு உம்மாதான், பெற்ற தாய்க்குச் சமம். அவள் பெற்ற பிள்ளைகள் இதற்குக் கூடப்பிறந்தவர்கள். அவர்களுக்குள் கலியாணம் ஆகாது. இந்த ஊரிலோ பெண் எடுப்பதும் கொடுப்பதும் நாலு ஒழுங்கைக்குள்தான்.

"நாளைக்குத் தெரியாம ஒரு பிழை நடந்திரப்படா டொக்டர். நீங்க எல்லாத்தையும் எழுதுற ஆளெண்டு ஊருக்கே தெரியும்."

குறிப்பைத் திறந்தேன். பத்தொன்பதாம் நாள் மலம் என்ன நிறம் என்பது அதில் இருந்தது. ஒரு தாயின் பெயர்கூட இல்லை. இரண்டு கிழமை தவணை கேட்டேன். அவர் முகம் சுருங்கியது. ஆனாலும் சரியென்று தலையாட்டினார்.

ராத்தா என்னைக் குத்திக்காட்டவில்லை. கொடுத்த தாய்மாரும் டொக்டர் எழுதுவா என்றுதான் நினைத்திருந்தார்கள் என்றார், அவ்வளவுதான். பின்னேரங்களில் குடையை எடுத்துக்கொண்டு அவருக்குப் பின்னால் நடந்தேன். அவர் நினைவில் வைத்திருந்த முகங்கள்தான் எங்களுக்கு வழி. அந்த ஊர் வீடுகளுக்குள் நான் முதன்முதலாகக் காலெடுத்து வைத்தது அப்போதுதான். கேட்டவுடன் ஓம் என்று சந்தோசமாகச் சொன்னார்கள். தொட்டிலில் கிடந்த தங்கள் பிள்ளையைத் தூக்கிக் காட்டி, இவன்தான் அவளுக்கு நானா, மூத்த அண்ணன் என்று சிரித்தார்கள். ஒரு வீட்டில் ஒருத்தி பாயில் எனக்குப் பக்கத்தில் இருந்து, தனியா எப்படி இருக்கிறீங்க என்று என் கையைப் பிடித்துக் கேட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. தேத்தண்ணீர் சுடுகிறது என்று சொல்லிச் சமாளித்தேன். இரண்டு கிழமையில் ஒன்பது பெயர் சேர்ந்தது.

பத்தாவது வீடு அந்தக் குழந்தையின் வீட்டுக்கு நாலு வளவு தள்ளி. புருசன்காரன் முன்னுக்கு வந்து நின்றான். எங்கட ஊட்டுல ஆரும் பால் குடுக்கல்ல என்றான். தன் மகனுக்கே பால் காணாது, ஒருத்தருக்கும் கொடுக்கக்கூடாது என்று வார்டிலேயே அவளிடம் சொல்லிவிட்டுப் போனவனாம். திரைச்சீலைக்குப் பின்னால் அவள் நின்றது தெரிந்தது. ஒழுங்கைக்கு வந்தபிறகு ராத்தா சொன்னார், அவளிடம் கோப்பையை வாங்கியது தன் கைதான், ஒருநாளா இரண்டு நாளா, ஒரு கிழமைக்கு மேல். மறுநாள் அவள் ராத்தாவிடம் சொல்லி அனுப்பினாள். பெயரை எழுதினால் அவன் தன்னை வைத்திருக்க மாட்டான், பிள்ளையோடு தெருவில்தான் நிற்பேன் என்று.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து தகப்பன் வந்தார். ஒன்பது பெயரையும் ஒவ்வொன்றாக வாசித்தார்.

"இவ்வளவும்தானா டொக்டர்?"

ராத்தா தரை துடைத்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார்.

"ஓம். இவ்வளவும்தான்."

அல்ஹம்துலில்லாஹ் என்று அந்தக் கடதாசியை மடித்துச் சேட்டுப் பைக்குள் வைத்தார். நீங்கள் எழுதித் தந்தால் அது சரியாகத்தான் இருக்கும் என்றார். எனக்குக் கூசிப்போயிற்று. அந்தப் பத்தாவது வீட்டுத் தாய் உயிரோடு இருக்கிறாள், தன் மகனுக்கு அந்தப் பெண்ணைப் பேசினால் அவளே எப்படியாவது தடுத்துவிடுவாள் என்று என்னை நானே தேற்றினேன். கூட்டத்துக்கு எழுதிய கட்டுரையை முடிக்கவில்லை. அடுத்த வருடம் மாற்றம் வந்தது, போய்விட்டேன். புதிய ஊரிலும் ஒரு குவாட்டர்ஸ், ஒரு கதிரை, லண்டனிலிருந்து வரும் கட்டு. இதை அந்த லண்டன் சிநேகிதிக்குக்கூட நான் எழுதவில்லை.

எண்பதுகளின் நடுவில் ராத்தாவிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. யாரையோ கொண்டு எழுதுவித்திருந்தார். சுகம் விசாரித்திருந்தது. நாம் கடைசியாகப் போன வீட்டுத் தாய் அடுத்த பேறுகாலத்தில் மௌத்தாகிவிட்டா, மகனுக்கு ஆறு வயது என்று இருந்தது. அதற்குமேல் ஒன்றும் இல்லை. இன்னொருவர் எழுதும் கடிதத்தில் அவர் வேறு எதைச் சொல்வார்?

நாலு நாள் அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு திரிந்தேன். இனி அவளை யாரும் வீட்டைவிட்டுத் துரத்த முடியாது. தடுக்கவும் அவள் இல்லை. ஐந்தாம் நாள் அந்தப் பெண் குழந்தையின் தகப்பனுக்கு எழுதினேன். பத்தாவதாக ஒரு பெயர் உண்டு, தெரிந்துகொண்டேதான் மறைத்தேன், காரணம் இது, மன்னியுங்கள் என்று. நானே கொண்டுபோய்த் தபாலில் போட்டேன். மனம் லேசானது. செய்யவேண்டியதைச் செய்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

மூன்று கிழமை கழித்துப் பதில் வந்தது. மரியாதையான எழுத்து, கோபமான ஒரு சொல் இல்லை. மகள் பள்ளிக்கூடம் போகிறாள், நல்ல சுகம் என்று தொடங்கியிருந்தார். கடைசியில் இப்படி எழுதியிருந்தார்:

"அன்று ஒன்பது என்று சொன்னீர்கள், நம்பினேன். இன்று பத்து என்கிறீர்கள், இதையும் எழுதிக்கொண்டேன். பதினொன்று என்று எப்போது சொல்வீர்கள், டொக்டர்?"