வண்டி வந்து சேர்ந்த சேதி

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆனையூரில் அந்த மாடி வீட்டிலிருந்து சாம்பிராணி வாசம் வந்தால், உக்கிரபாண்டி சாமி கும்பிடுகிறார் என்று தெருவே நினைத்துக்கொள்ளும். மனுசனுக்கு ஏது அம்புட்டு பக்தி! பொம்மை ரயில் என்ஜினின் புகைபோக்கிக்குள் கங்குத்துண்டையும் சாம்பிராணிப் பொடியையும் போட்டு, அது புகை விடுவதை வாயைப் பிளந்துகொண்டு பார்த்திருப்பார். அறுபதைத் தாண்டியவர். ஆரப்பாளையத்தில் ஒரு லாட்ஜில் ரூம் சாவி எடுத்துக் கொடுத்தே வயசைக் கழித்தவர். கல்யாணம் தள்ளித் தள்ளிப் போய், கடைசியில் நடக்காமலே போய்விட்டது.

ரயில்வேயில் ஒருநாள்கூட வேலை பார்த்ததில்லை. சின்ன வயசில் பிடித்த கிறுக்கு, விடவில்லை. மீட்டர் கேஜ் பாதையில் ஓடிய வைபி நீராவி என்ஜினைத் தகரத்திலும் தேக்குத்துண்டிலும் அப்படியே செய்திருந்தார். முன்னால் நான்கு சின்னச் சக்கரம், நடுவில் ஆறு பெரிய சக்கரம், பின்னால் இரண்டு. உள்ளே பழைய டேப் ரிக்கார்டர் மோட்டார். நிஜ என்ஜின்கள் ஓய்ந்து, தண்டவாளம் அகலமாகி, மேலே கரண்டுக் கம்பியும் வந்துவிட்டது. இவர் மட்டும் அந்தப் பழைய பாதையிலேயே நின்றார்.

ஜாடிக்கேற்ற மூடியாகச் சோழவந்தானில் ஒருவர் இருந்தார். முத்திருளன், வெற்றிலை வியாபாரி. ஒருநாள் மழைக்கு லாட்ஜ் வாசலில் ஒதுங்கியவர், உள்ளே மாட்டியிருந்த என்ஜின் படத்தைப் பார்த்துவிட்டார். மழை விட்டும் ஆள் கிளம்பவில்லை. அன்றிலிருந்து இருவரும் மாப்ள, மாப்ள என்று ஒட்டிக்கொண்டார்கள்.

அவர்கள் விளையாட்டைக் கேட்டால் நாலு பேர் சிரிப்பார்கள். முத்திருளன் வீட்டு மாடியில் மேசைமேல் சோழவந்தான் ஸ்டேஷன். உக்கிரபாண்டி வீட்டில் அதற்கு அடுத்த சமயநல்லூர். ஒரே நம்பர் எழுதிய இரண்டு என்ஜின், வீட்டுக்கு ஒன்று. உக்கிரபாண்டி போன் போட்டு, "மாப்ள, லைன் கிளியர் இருக்கா?" என்பார். "இருக்கு, விடு" என்று பதில் வந்தால் இவருடைய வண்டி கிளம்பி மேசைக் கோடியிலுள்ள மரப்பெட்டிக்குள் போய் மறையும். கொஞ்ச நேரம் பொறுத்து, சோழவந்தானில் இன்னொரு பெட்டிக்குள்ளிருந்து அதன் ஜோடி வெளியே வந்து பிளாட்பாரத்தில் நிற்கும். ஒரே வண்டி ஊர்விட்டு ஊர் போன கணக்கு. "வண்டி வந்து சேந்துருச்சு மாப்ள" என்று முத்திருளன் சொன்ன பிறகுதான் அடுத்த வண்டி நகரலாம். ஒற்றைப் பாதையில் அந்தக் காலத்துச் சட்டம் அது. அதோடு இவர்களாக ஒன்றைச் சேர்த்துக்கொண்டார்கள்: வந்து சேர்ந்த இடத்துக்காரர்தான் கூப்பிட்டுச் சொல்லவேண்டும், அனுப்பியவர் நச்சரித்துக் கேட்கக் கூடாது. "அவசரப்படுறவன் பஸ்ஸுல போகட்டும்" என்பார் முத்திருளன்.

தை மாசத்து ஞாயிறு ஒன்றில் உக்கிரபாண்டி வழக்கம்போல வண்டியை விட்டார். சேதி வரவில்லை. மாப்ள வண்டியைச் சிக்னலில் நிறுத்திப்போட்டு வேடிக்கை காட்டுகிறான் என்று நினைத்தார். பொழுது சாய்ந்தது. 'கேக்க மாட்டேண்டா, நீயாச் சொல்லு' என்று வீம்பாக உட்கார்ந்திருந்தார். கடைசியில் போனில் பேசியது முத்திருளனின் தம்பி. மதியமே மாடியில் விழுந்து கிடந்திருக்கிறார், மாரடைப்பு, யாரும் பார்க்கவில்லை.

அதோடு இவருடைய என்ஜின் பெட்டிக்குள்ளேயே கிடந்தது. சேதி வராமல் எப்படி எடுப்பது? "என்னண்ணே, இப்பல்லாம் சாமி கும்பிடுறதில்லையா?" என்று எதிர்வீட்டு சுபலட்சுமி கேட்டாள். அவருக்கு அழுகை முட்டியது. ஒரு போன் போட்டிருந்தால் யாராவது மாடிக்கு ஓடிப்போய்ப் பார்த்திருப்பார்களே! சட்டமாம் சட்டம், வெங்காயம்! ரெண்டு கிழவன்கள் போட்ட சட்டத்துக்கு ஓர் உயிரா? இதை யாரிடமும் சொல்ல முடியாமல் மாசக்கணக்கில் தனியாகப் புழுங்கினார்.

வைகாசியில் முத்திருளனின் மனைவி சோணையம்மாள் கூப்பிட்டார். வீட்டைப் பூட்டிவிட்டு மறுநாள் திருப்பூரில் மகளோடு இருக்கப் போகிறாராம். மாடியில் வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொன்னார். பச்சைத்தண்ணீர்கூடப் பல்லில் படாமல் பஸ் ஏறினார் உக்கிரபாண்டி. அந்த வண்டி வந்து சேர்ந்ததா, அது ஒன்றுதான் அவருக்குத் தெரியவேண்டும்.

மாடியில் பிளாட்பாரம் காலியாக இருந்தது. பெட்டிக்குள் கையை விட்டார். என்ஜின் இருட்டில் அங்கேயே நின்றது.

"தங்கச்சி, அன்னைக்கு நான் போன் போட்ருக்கணும். மாப்ள வெளாட்டுக் காட்டுறான்னு உக்காந்திருந்துட்டேன். நாந்தான் கொன்னுட்டேன்."

கூடவே மாடிக்கு வந்திருந்த சோணையம்மாள் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். "நீங்க அம்புட்டுத் தூரத்துல இருந்தீக. நான் கீழதான இருந்தேன்! தொம்முன்னு சத்தம் கேட்டுச்சுண்ணே. ரயிலு எதையோ தள்ளிவிட்டுருச்சுன்னு நெனச்சுப் பாத்திரம் வெளக்கிக்கிட்டு இருந்தேன். நான் இத யாருகிட்டச் சொல்ல?"

இருவரும் அழுதார்கள். அப்புறம் சோணையம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். இத்தனை வருசத்தில் அந்த மேசையை அவர் தொட்டதே இல்லை.

"இத வெளிய கொண்டாற எதத் திருகணும்?"

உக்கிரபாண்டி தொட்டுக் காட்டினார்.

"இப்பத் திருக மாட்டேன். நீங்க ஒங்க ஸ்டேசன்ல போயி உக்காருங்க."

ஒரு சாமானும் எடுக்காமல் உக்கிரபாண்டி திரும்பினார். ஆரப்பாளையத்தில் இறங்கியபோது ஓட்டல்களில் சாப்பாட்டுக் கூட்டம். அவர் எந்த ஓட்டலுக்குள்ளும் நுழையவில்லை. நேரே வீட்டுக்கு வந்து சமயநல்லூர் முன்னால் நாற்காலியைப் போட்டுக் காத்திருந்தார். போன் அடித்தது.

"அண்ணே, சோழவந்தான் பேசுறேன். வண்டி வந்து சேந்துருச்சு. பிளாட்பாரத்தத் தாண்டிச் செத்தத் தள்ளிப்போயி நின்னுருச்சு, ஆனா வந்துருச்சுண்ணே."

"சரி தங்கச்சி" என்றார் உக்கிரபாண்டி. இரண்டு பக்கமும் யாரும் போனை வைக்கவில்லை.

"இதுக்கப்புறம் அவரு என்னண்ணே சொல்லுவாரு?"

"பெருசா ஒண்ணுமில்ல. சாப்புட்டியா மாப்ளன்னு கேப்பான்."

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"சாப்புட்டீகளாண்ணே?"

நாளைக்கு அந்த வீட்டில் பூட்டுத் தொங்கும். இனி இப்படிக் கேட்க ஆளில்லை. "சாப்புட்டேன் தங்கச்சி" என்று பொய் சொல்லிவிட்டு, போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் உக்கிரபாண்டி.