பசறைத் தோட்டத்தில் கேட்ட அணிசேராமை

கொழும்பில் அணிசேரா நாடுகளின் மாநாடு முடிந்த மறுவாரம், காலை ஆறு மணிக்குக் கோட்டையில் ரயிலேறினேன். நூற்று எண்பத்தொரு மைல். பதுளையில் இறங்கும்போது மாலை நாலரை. நான் திருச்சிப் பத்திரிகைக்காரன். தலைவர்களின் பேச்சுகளை அனுப்பியாயிற்று. மலைநாட்டில் அவற்றுக்கு என்ன மதிப்பு என்று பார்த்து எழுதச் சொல்லியிருந்தார் ஆசிரியர்.

பதுளையில் மளிகைக்கடை வைத்திருக்கும் ஹமீது நானா வீட்டில் தங்கினேன். அணிசேராமை நல்லதுதான் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. கடையிலிருந்த அரிசி சீனாவிலிருந்து வந்தது, மாவு அமெரிக்காவிலிருந்து. "ஒருத்தரோட சேந்தா மத்தவர் தரமாட்டார் தானே. நமக்கு ரெண்டும் வேணும்" என்றார்.

மறுநாள் பிற்பகல் இரண்டு மணிக்குப் பசறை பஸ். பன்னிரண்டு மைல், எண்பது சதம். பக்கத்தில் இருந்தவர் சவரிமுத்து. தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. தோட்டத் தமிழர்களைப் பங்கிட்டுக்கொண்ட இந்திய, இலங்கை அரசுகளின் ஒப்பந்தப்படி அவருக்கும் மனைவிக்கும் இந்தியப் பாஸ்போர்ட் வந்திருந்தது. மகள் ரோசலிக்கும் அவள் புருஷனுக்கும் இலங்கைக் குடியுரிமை. ரோசலிக்கு இது எட்டாம் மாதம். பிரசவம் வரை தவணை கேட்டு மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரிக்குப் போயிருக்கிறார். முடியாது என்றுவிட்டார்கள். பத்து நாளில் புறப்பட வேண்டும்.

தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்கு என்னைக் கூட்டிப்போனார். அவர் மனைவி அந்தோணியம்மா பாலில்லாத சாயத்தண்ணியும் சர்க்கரைத் துண்டும் தந்தார். கொழும்பில் என்ன பேசினார்கள் என்று விசாரித்தார். வல்லரசுகளில் எதன் பக்கமும் சேராமல், சிறிய நாடுகள் தங்கள் காரியத்தைத் தாங்களே தீர்மானிப்பது என்று விளக்கினேன்.

அந்தோணியம்மா காலிக் கோப்பையை வாங்கிக்கொண்டார். "நல்ல பேச்சுதாங்க. எங்களப் பிரிக்கிறப்போ எங்களையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றார்.

மகளும் மருமகனும் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். ரோசலி, அப்பா போகட்டும், அம்மா மட்டும் இருக்கட்டும் என்று தணிந்த குரலில் சொன்னாள். சவரிமுத்து ஒப்பவில்லை.

"பேர் வெட்டினா வெட்டட்டும். புள்ள மொகத்தப் பாத்துட்டுத்தான் கப்பல்" என்றார் அவர்.

தோட்டத்துப் பதிவில் பேர் வெட்டினால் வேலையும் போகும், லயத்து அறையும் போகும். தெரிந்துதான் சொன்னார். மருமகன் எழுந்து, மாமனார் கட்டிவைத்திருந்த பெட்டியை அவிழ்த்துப் பாத்திரங்களை வெளியே எடுத்துவைத்தான்.

கடைசி பஸ்ஸில் பதுளைக்கு வந்து, மறுநாள் காலை ரயிலில் கொழும்புக்குத் திரும்பினேன். அணிசேராமை வேண்டும் என்றே ஊர் வந்து எழுதினேன். ஹமீது நானா சொன்னது சரி. ஏழை நாட்டுக்கு வேறு வழியில்லை. ஆனால் என் நாடும் இலங்கையும் மாநாட்டில் ஒரே வரிசையில் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்தோணியம்மாவை எந்த நாடும் கேட்கவில்லை என்பதையும் எழுதினேன்.

நான் கேட்டிருந்தபடி பசறையில் விசாரித்து, மூன்று மாதம் கழித்து நானா கடிதம் எழுதினார். ரோசலிக்குப் பெண் குழந்தை. சவரிமுத்துவின் பேரை வெட்டிவிட்டார்கள். குழந்தைக்கு ஞானஸ்நானம் முடிந்த மறுநாள் கிழவர்கள் இருவரும் இந்தியக் கப்பல் புறப்படும் தலைமன்னாருக்கு ரயிலேறினார்களாம்.